போக்கர் சிப்புக்கு நாமே டிசைன் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பர்களோடு உட்கார்ந்து போக்கர் சீட்டாட்டம் ஆட, பணத்துக்குப் பதிலாக மேசையில் வைக்கும் மதிப்பு போட்ட வட்ட வில்லைகளை, அதாவது சிப்புகளை, சொந்தமாக ஒரு செட் அச்சடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். சிலர் ஆர்டர் போடுவதற்கு முன்னால் கேட்கிறார்கள், பலர் பெட்டி வந்து பிரித்துப் பார்த்த பிறகு கேட்கிறார்கள். முன்னாலேயே கேட்க வேண்டியவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

முதலில் எதை வரைய வேண்டும்?

படத்தை வரையாதீர்கள். எண், நிறம், விளிம்பு இந்த மூன்றும் முடிவான பிறகுதான் படத்துக்கு வர வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான ஒரு டிராகன் படம் கிடைக்கும், அதை வட்டத்துக்குள் அடைப்பார்கள், அப்புறம் எண்ணுக்கு இடம் தேடுவார்கள், கடைசியில் டிராகனின் வாலுக்குக் கீழே சின்னதாக ஒரு 25 ஒட்டிக்கொண்டிருக்கும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது அது பிரமாதமாகத்தான் இருக்கும்.

ஆனால் ஆட்டத்தில் யாரும் சிப்பை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பதில்லை. அது மேசையின் எதிர்ப்பக்கத்தில் இருபது இருபதாக அடுக்கி நிற்கும், அப்போது உங்களுக்குத் தெரிவது விளிம்பு மட்டும்தான். இல்லையென்றால் நடுவில் குவியலாகச் சிதறிக் கிடக்கும், அப்போது தெரிவது நிறமும் எண்ணும். படம் கண்ணுக்குப் படுவது ஆள் ஆட்டத்தை விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுதான், விரல்களுக்கு நடுவில் சிப்பை உருட்டிக்கொண்டே பார்ப்பார். அந்த நேரத்துக்கும் படம் வேண்டும்தான், அது முக்கியம்தான், ஆனால் அதன் முறை கடைசியில்தான் வரும்.

சிப்பில் என்னென்ன வகை? எதில் என்ன அச்சடிக்கலாம்?

டிசைனைத் தீர்மானிப்பதே சிப்பின் வகைதான், அதனால் இதை முடிவு செய்யாமல் கணினி முன் உட்கார வேண்டாம்.

செராமிக் என்று விற்பது உண்மையில் பீங்கான் இல்லை, கெட்டியான ஒருவகைப் பிளாஸ்டிக். எடை சுமார் 10 கிராம் இருக்கும். இதில் டை சப்ளிமேஷன் முறையில் அச்சடிப்பார்கள். சூடு பட்டதும் மை ஆவியாகி மேற்பரப்புக்குள் இறங்கிவிடும், அதனால் ஒட்டிய லேபிள் போல உரிந்து வராது. முகம் முழுக்க, ஓரத்திலிருந்து ஓரம்வரை, விளிம்பிலும்கூட என்ன வேண்டுமானாலும் போடலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த முறையில் வெள்ளை மை கிடையாது. வெள்ளையாகத் தெரிவது சிப்பின் சொந்த நிறம். அதனால் 'இந்த எழுத்தை மட்டும் பளிச்சென்ற வெள்ளையில் போடுங்கள்' என்று கேட்டால், சுற்றியிருக்கும் இடமெல்லாம் மையாகி எழுத்து இருக்கும் இடம் வெறுமனே விடப்படும். மை கொஞ்சம் பரவும் தன்மை உள்ளது, ஆகவே கரிய பின்னணியில் மெல்லிய வெள்ளை எழுத்து இன்னும் மெலிந்துபோகும்.

கிளே சிப் என்பது காசினோக்களில் காலங்காலமாகப் புழங்கும் வகை. பெயரில் களிமண் இருந்தாலும் அது ஒரு கலவை, அச்சுக்குள் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்துச் செய்வது. எடை பெரும்பாலும் 8.5 முதல் 10 கிராம். இதன் விளிம்பில் தெரியும் நிறப்பட்டைகள் அச்சடித்தவை அல்ல, வேறு நிறக் கலவையை வெட்டி உள்ளே பொருத்தி மொத்தமாக அழுத்தியவை. அதனால் நிறத்தைத் தயாரிப்பாளரின் நிறப் பட்டியலிலிருந்துதான் எடுக்க முடியும், பட்டைகள் கூடக்கூட விலையும் கூடும். நடுவில் இருக்கும் இன்லே எனப்படும் அச்சடித்த வட்டம் மட்டும்தான் உங்கள் கித்தான். அது சாதாரணமாக 22 முதல் 25 மி.மீ. குறுக்களவு, அவ்வளவுதான் இடம்.

மூன்றாவது, நடுவில் உலோகத் தகடு வைத்து மேலே பிளாஸ்டிக் வார்த்தது. 11.5 கிராம், 13.5 கிராம், 14 கிராம் என்று எடையைப் பெருமையாகப் போட்டு விற்பது இந்த வகைதான். நடுக்குழியில் ஸ்டிக்கர் லேபிள் ஒட்டுவார்கள். கனமான சிப்தான் காசினோ சிப் என்று நம்பி வாங்குகிறவர்கள் அதிகம், உண்மை அதற்கு நேர் எதிர், காசினோவில் கையில் எடுப்பது பெரும்பாலும் இதைவிட லேசானது.

ஹாட் ஸ்டாம்ப் என்று ஒன்றும் உண்டு. சூடான உலோக அச்சால் தங்க நிற, வெள்ளி நிற ஃபாயிலைச் சிப்பின் மேல் பதிப்பது. ஒரே நிறம், தடிமனான கோடுகள், நிழலுக்கோ படிப்படியாக மங்கும் நிறத்துக்கோ இடமில்லை. மூன்று எழுத்தும் ஓர் எண்ணும் போதும் என்பவர்களுக்கு இதைவிட நேர்த்தியானது எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபைலை என்ன அளவில் செய்ய வேண்டும்?

பொதுவான சிப்பின் குறுக்களவு 39 மி.மீ., தடிமன் ஏறக்குறைய 3.3 மி.மீ. டோர்னமென்ட்டின் பெரிய மதிப்புகளுக்கு 43 மி.மீ. சிப்பும் கிடைக்கும். ஆனால் இந்த எண்களை வைத்து நீங்களே வட்டம் வரைந்து தொடங்க வேண்டாம். யாரிடம் அச்சடிக்கப் போகிறீர்களோ அவரிடம் டெம்ப்ளேட் கேட்டு வாங்குங்கள், ஒவ்வொருவரின் அச்சும் அரை மி.மீ. அப்படி இப்படி இருக்கும்.

டெம்ப்ளேட்டில் மூன்று வட்டங்கள் இருக்கும். நடு வட்டம் வெட்டும் இடம். வெளி வட்டம் பிளீட், அதாவது வெட்டு கொஞ்சம் நகர்ந்தாலும் வெள்ளைக் கீற்று தெரியாமல் இருக்கப் பின்னணியை நீட்டிவைக்கும் இடம். பெரும்பாலும் சுற்றிலும் 1.5 மி.மீ. கேட்பார்கள், சிலர் 3 மி.மீ.கூடக் கேட்பார்கள். உள் வட்டம் பாதுகாப்பான பகுதி, எழுத்தும் எண்ணும் இதைத் தாண்டக் கூடாது.

பிக்சல் கணக்கு இப்படி வரும்: 39 மி.மீ.க்குச் சுற்றிலும் 1.5 சேர்த்தால் 42 மி.மீ. அது 300 டிபிஐயில், அதாவது ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், சுமார் 496 பிக்சல், 600 டிபிஐயில் 992. ஒரு அங்குல இன்லே 300 டிபிஐயில் வெறும் 300 பிக்சல்தான். 300 போதும் என்று பலரும் சொல்வார்கள், போஸ்டருக்கு அது சரி. சிப்பை மனிதர்கள் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்ப்பார்கள், அதனால் 600க்குக் கீழே நான் போவதில்லை. முடிந்தவரை வெக்டராகவே, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவமாகவே, வரைந்துவிட்டால் இந்தக் கணக்கே தேவைப்படாது.

ஓரத்தில் மெல்லிய வளையம் ஒன்று போட்டால் அழகாக இருக்குமே?

திரையில் இருக்கும், சிப்பில் இருக்காது. டிசைன் செய்யும் எல்லோருக்கும் கை தானாகப் போகும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

25 மி.மீ. லேபிளில், ஓரத்திலிருந்து 1 மி.மீ. உள்ளே தள்ளி ஒரு தங்க நிற வளையம் போடுகிறீர்கள் என்று வையுங்கள். வெட்டும்போது அரை மி.மீ. நகர்கிறது, அச்சுத்தொழிலில் அது தவறே இல்லை, எல்லாருக்கும் நடப்பது. இப்போது ஒரு பக்கம் இடைவெளி அரை மி.மீ., எதிர்ப்பக்கம் ஒன்றரை மி.மீ. மூன்று மடங்கு வித்தியாசம்! கண் அதை உடனே பிடித்துவிடும், சிப் முழுவதுமே கோணலாக அச்சானது போலத் தோன்றும். அதே வளையத்தை ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே வைத்திருந்தால் அதே நகர்வுக்கு 3.5, 4.5 என்று ஆகும், அதை யாரும் கவனிக்கப் போவதில்லை. வளையம் வேண்டுமென்றால் நன்றாக உள்ளே தள்ளுங்கள், அல்லது வெட்டும் கோட்டையும் தாண்டிப் பிளீட்வரை ஓடும் தடிமனான பட்டையாகப் போடுங்கள்.

மதிப்பு எண் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

நீங்கள் நினைப்பதைவிடப் பெரிதாக. கண் மருத்துவரிடம் பார்க்கும் எழுத்துப் பலகைக்கு ஒரு கணக்கு உண்டு: குறையில்லாத கண் எழுத்தை அடையாளம் காண, அது கண்ணில் 5 ஆர்க் நிமிடக் கோணம் (ஒரு ஆர்க் நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) பிடிக்க வேண்டும். 2 மீட்டர் தூரத்துக்கு அது சுமார் 2.9 மி.மீ. உயரம். அது நல்ல வெளிச்சத்தில், நேராகப் பார்த்து, முயற்சி எடுத்துப் படிக்கும் கடைசி எல்லை. சாய்ந்து கிடக்கும் சிப்பை, மங்கிய வெளிச்சத்தில், சிரமமில்லாமல் படிக்க அதைப்போல இரண்டரை மூன்று மடங்காவது வேண்டும். ஆகவே 8 மி.மீ.க்குக் குறைவாக நான் எண்ணை வைப்பதில்லை. செராமிக்கில் 11, 12 மி.மீ.கூட வைக்கலாம், இடம் இருக்கிறது.

இதில் 1000, 5000 போன்ற நான்கு இலக்கங்கள்தான் இடைஞ்சல். 22 மி.மீ. இன்லேயில் நான்கு இலக்கத்தை 8 மி.மீ. உயரத்தில் அடைக்க வேண்டுமென்றால் ஒடுக்கமான எழுத்துரு வேண்டும். செட்டின் மிக நீளமான எண்ணை முதலில் வடிவமைத்துவிட்டு அதே எழுத்துருவை மற்றவற்றுக்குக் கொண்டுபோங்கள். 5ஐ முதலில் அழகாகச் செய்துவிட்டு 5000க்கு வந்து மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடக்கிறது.

எண்ணைத் தலைகீழாகவும் பாருங்கள். சிப் எந்தத் திசையிலும் விழும், அதற்கு மேல் கீழ் கிடையாது. 6, 9 மட்டும் தனித்து வரும் மதிப்பு யாரும் வைப்பதில்லை என்பதால் குழப்பம் குறைவு, ஆனால் ஒரே ஓர் எண்ணை நடுவில் வைப்பதா, அல்லது ஓரத்தைச் சுற்றி மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்ப வைப்பதா என்ற கேள்வி வரும். நடுவில் பெரிய படம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இரண்டாவது வழியை எடுக்கலாம், சிப் எப்படிக் கிடந்தாலும் ஓர் எண் நேராகத் தெரியும்.

எந்த மதிப்புக்கு எந்த நிறம்?

அமெரிக்கக் காசினோக்களிலிருந்து பரவிய வழக்கம் இது: 1 வெள்ளை, 5 சிவப்பு, 25 பச்சை, 100 கருப்பு, 500 ஊதா. 1000க்கு மஞ்சள், ஆரஞ்சு என்று பலவிதம். அமெரிக்காவுக்குள்ளேயே கலிபோர்னியாவின் சீட்டறைகளில் நிற வரிசை வேறு, ஆகவே இது சட்டமெல்லாம் இல்லை. ஆனால் உங்கள் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு 'சிவப்பு என்றால் ஐந்து' என்று கை பழகியிருக்கும், அதை மீறினால் ராத்திரி முழுக்க யாராவது ஒருவர் 'இது எவ்வளவு?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். முதல் மூன்று நிறங்களை மட்டுமாவது அப்படியே விட்டுவிடுங்கள், மேலே உள்ளவற்றில் உங்கள் விருப்பத்தைக் காட்டுங்கள்.

என் முதல் செட்டில் நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். 100க்குக் கருப்பு, 500க்கு ஆழ்ந்த ஊதா. பகலில் மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது இரண்டும் அவ்வளவு அழகாகப் பிரிந்து தெரிந்தன. அன்று இரவு மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் ஆட உட்கார்ந்ததும் ஊதா செத்துப்போனது. அந்த மாதிரி விளக்கில் நீல ஒளி குறைவு, அதனால் நீலமும் ஊதாவும் கருப்பை நோக்கி இறங்கிவிடும். ஒரு நண்பர் நூறு என்று நினைத்து ஐந்நூறைத் தள்ளினார், தோற்றும் போனார், நல்ல மனிதர், ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று மனசு ஆறவே இல்லை, அவர் கையில் பிழை இல்லை, என் டிசைனில் பிழை. இப்போது 500ஐ வெளிறிய ஊதாவாக வைக்கிறேன், கருப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கருப்பு வெள்ளைப் படமாக மாற்றிப் பார்த்தாலும் பிரிந்து தெரிய வேண்டும் என்பதுதான் சோதனை.

நிறம் பிரித்தறியும் குறைபாடு உள்ளவர்களுக்கு என்ன செய்வது?

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் 12 பேரில் ஒருவருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. மற்ற மக்களிடம் இந்த விகிதம் குறைவு, ஆனாலும் பத்துப் பேர் கூடும் ஆட்டத்தில் அப்படி ஒருவர் இருந்துவிட வாய்ப்பு உண்டு. 5 சிவப்பு, 25 பச்சை என்ற அந்தப் பழைய வழக்கம் அவர்களுக்குத்தான் அதிகத் தொல்லை.

நிறத்தை மாற்ற வேண்டியதில்லை. சிவப்பை அடர்த்தியாகவும் பச்சையை வெளிர்த்தும் வையுங்கள், விளிம்புப் பட்டைகளின் எண்ணிக்கையை மாற்றுங்கள், எண் பெரிதாக இருக்கட்டும். மேலே சொன்ன கருப்பு வெள்ளைச் சோதனை இங்கேயும் உதவும்.

விளிம்புப் பட்டைகளை எப்படி அமைப்பது?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு செட் நல்ல செட்டா என்று பார்க்க நான் முகத்தைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை, இருபது சிப்பை அடுக்கி வைத்துப் பக்கவாட்டில் பார்ப்பேன். 3.3 மி.மீ. தடிமனில் இருபது என்றால் 66 மி.மீ. உயரம். அந்தத் தூணில் பட்டைகள் கோணல்மாணலாக ஏறி இறங்கும், யாரும் அவற்றை நேராக அடுக்கப் போவதில்லை, அந்தக் கோணல்தான் அழகு. அந்தத் தூணுக்குள் தப்பாக ஒரு வேறு மதிப்புச் சிப் நுழைந்திருந்தால் ஒரே பார்வையில் பிடிபட வேண்டும். விளிம்புப் பட்டை வைத்ததன் வேலையே அதுதான்.

சின்ன மதிப்புக்குப் பட்டைகள் குறைவாக, மேலே போகப்போக அதிகமாக என்பது நல்ல வழக்கம். 1க்கு மூன்று சின்னப் பட்டைகள், 5க்கு நான்கு, 25க்கு இரண்டு நிறங்களில் நான்கு, 100க்கு எட்டு என்று ஏறலாம். கிளே சிப் தயாரிப்பாளர்கள் இவற்றுக்கு எண்குறிகள் வைத்திருப்பார்கள். உதாரணமாக 414 என்றால் கால் அங்குல அகலத்தில் நான்கு பட்டைகள், 314 என்றால் அதே அகலத்தில் மூன்று. கலவையை வெட்டிப் பொருத்தும் முறை என்பதால் இந்தப் பட்டியலுக்கு வெளியே உள்ள வடிவம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது.

செராமிக்கில் விளிம்பையும் அச்சடிக்கலாம் என்பதால் சுதந்திரம் அதிகம். 39 மி.மீ. சிப்பின் சுற்றளவு 122.5 மி.மீ., எட்டுப் பட்டை சம இடைவெளியில் வைத்தால் ஒரு பட்டையின் தொடக்கத்திலிருந்து அடுத்ததன் தொடக்கம் 15.3 மி.மீ. வரும். இதில் ஒரு சிக்கல். முகத்தையும் விளிம்பையும் தனித்தனியாக அச்சடிக்கும் இடங்களில் முகத்தின் பட்டையும் விளிம்பின் பட்டையும் மிகச் சரியாகச் சந்திக்கும் என்று சொல்ல முடியாது, கொஞ்சம் விலகும். பட்டை 7, 8 மி.மீ. அகலமாக இருந்தால் அந்த விலகல் கரைந்துபோகும். 1 மி.மீ. கோடுகளாக இருந்தால் ஒவ்வொரு சிப்பிலும் உடைந்த எலும்பு போலத் தெரியும். அகலமாக வையுங்கள்.

அடிப்படை நிறத்துக்கும் பட்டை நிறத்துக்கும் வெளிச்ச வேறுபாடு இருக்க வேண்டும். கருநீலத்தின் மேல் கரும்பச்சைப் பட்டை கையில் எடுத்தால் கம்பீரமாக இருக்கும், ஒரு கை தள்ளிப் பார்த்தால் வெறும் கருப்புச் சிப்.

போட்டோ வைக்கலாமா?

வைக்கலாம், செராமிக்கிலும் இன்லேயிலும். ஆனால் குடும்பப் படத்தில் ஆறு பேர் நின்றால் ஒவ்வொரு முகமும் சிப்பில் ஒரு மிளகு அளவுக்குத்தான் வரும். ஒரே ஒரு முகம், வட்டத்தை நிரப்புமளவுக்கு, பின்னணியை நீக்கிவிட்டு, நிழலும் வெளிச்சமும் கூட்டி எடுத்தால் நன்றாக வரும். எண்ணை முகத்தின் மேல் எழுத வேண்டாம்.

கணினியே உருவாக்கித் தரும் படங்களைப் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அவற்றில் நுணுக்கம் அளவுக்கு மீறி இருக்கும், 25 மி.மீ.க்குச் சுருக்கினால் எல்லாம் சேறாகிவிடும். படத்திலேயே எழுத்தும் எண்ணும் வந்திருந்தால் அவற்றை அழித்துவிட்டு நீங்களே தட்டச்சு செய்து வையுங்கள்.

தமிழ் எழுத்து போட முடியுமா?

தாராளமாக. வட்டெழுத்து என்று சொல்லத்தக்க வளைவுகள் வட்டமான சிப்பில் நன்றாகவே உட்காரும். ஆனால் நம் எழுத்தில் சுழிகள் அதிகம். சின்ன அளவில் ன, ண இரண்டின் சுழிகளும் அடைத்துக்கொள்ளும், புள்ளி காணாமல்போகும். ஆங்கிலத்துக்கு 6 பாயின்ட் தாக்குப்பிடிக்கும் இடத்தில் தமிழுக்கு 8, 9 வையுங்கள், தடிமன் ஒரே சீராக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள்.

இன்னொன்று, எழுத்தை வட்டப் பாதையில் வளைக்கும்போது சில மென்பொருள்களில் கொம்பும் காலும் இடம் மாறி 'கொ' உடைந்துபோகும். இல்லஸ்ட்ரேட்டரில் பத்தி அமைப்பில் இந்திய மொழிகளைக் கையாளும் கம்போசரைத் தேர்வு செய்த பிறகு தட்டச்சு செய்யுங்கள். எல்லாம் சரியாக வந்ததும் எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக, மாற்றி, ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். அச்சடிப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம், புள்ளி போனது அவர் கண்ணில் படாது.

எந்த மென்பொருள் நல்லது?

வெக்டர் வரையும் எதுவும் சரிதான். இல்லஸ்ட்ரேட்டர், அஃபினிட்டி, இன்க்ஸ்கேப். கடைசியாகச் சொன்னது இலவசம், சிப்புக்குத் தேவையான எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பட்டையை வரைந்துவிட்டு வட்ட மையத்தைச் சுற்றி 45 பாகை திருப்பித் திருப்பி நகலெடுக்கும் வேலைதான் முக்கால்வாசி நேரம், அதை எதில் சுலபமாகச் செய்ய வருகிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திரையில் பார்த்த நிறம் வேறு, கையில் வந்தது வேறு. ஏன்?

திரை ஒளியால் நிறத்தைக் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. மையால் எட்ட முடியாத நிறங்கள் திரையில் உண்டு. பளீர்ப் பச்சை, மின்னும் ஆரஞ்சு, துலக்கமான நீலம் எல்லாம் அச்சில் ஒரு படி மங்கித்தான் வரும். குறிப்பாக நீலம் ஊதாவாகத் திரும்புவது அடிக்கடி நடக்கும். சியான் (பச்சை கலந்த நீல மை) அளவுக்கு நெருக்கமாக மஜென்டா (இளஞ்சிவப்பு மை) இருந்தால் இப்படி ஆகும், இரண்டுக்கும் குறைந்தது 30 சதவீத இடைவெளி விட்டால் நீலம் நீலமாகவே இருக்கும்.

ஃபைலை ஆர்ஜிபியில் (திரையின் ஒளி நிறக் கணக்கு) அனுப்புவதா சிஎம்ஒய்கேயில் (அச்சு மையின் நிறக் கணக்கு) அனுப்புவதா என்பதை அச்சடிப்பவரிடமே கேளுங்கள். லேபிள் அச்சடிப்பவர்கள் பெரும்பாலும் சிஎம்ஒய்கே கேட்பார்கள், சப்ளிமேஷன் செய்பவர்களில் ஆர்ஜிபி கேட்பவர்களும் உண்டு. யூகித்து அனுப்பினால் மாற்றம் அவர்கள் கணினியில் தானாக நடக்கும், அதன் பலன் பெட்டி வந்த பிறகுதான் தெரியும். சாம்பிள் சிப் வாங்காமல் முழு ஆர்டர் போட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

பணக்குறி போடலாமா?

வேண்டாம் என்பேன். குறி இல்லாத எண் போட்டால் அதே செட்டை டோர்னமென்ட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம், வெறும் புள்ளிக் கணக்குக்கும் வைத்துக்கொள்ளலாம். குறிக்குப் போகும் இடமும் எண்ணுக்கே கிடைக்கும்.

காசினோவின் பெயரையோ கார்ட்டூன் பாத்திரத்தையோ வைத்தால் என்ன?

அச்சடிப்பவர்களே மறுத்துவிடுவார்கள், அது நல்லதுக்குத்தான். இயங்கும் காசினோவின் சிப்பைப் போலச் செய்வது கள்ளச் சிப் என்ற சந்தேகத்துக்கு இடம் தரும். பால்சன் என்ற தயாரிப்பாளரின் சிப்புகளின் ஓரத்தில் வரும் தொப்பியும் கைத்தடியும்கூட அந்த நிறுவனத்தின் அடையாளம், அதை எடுத்து முகத்தில் வரைய வேண்டாம். காப்புரிமைக் காலம் முடிந்த பழைய தாவரப் படங்கள், செப்புத்தகடு ஓவியங்கள், வரைபட அலங்காரங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. கோட்டோவியம் என்பதால் அவை சிப்பின் அளவுக்கு வண்ணப் படங்களைவிட நன்றாகச் சுருங்கும். எழுத்துருவின் உரிமத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பழைய சிப்பின் மேல் புது லேபிள் ஒட்டலாமா?

ஒட்டலாம், பலர் சந்தோஷமாகச் செய்யும் வேலை அது. பழைய லேபிளை எடுத்ததும் குழியின் குறுக்களவை வெர்னியர் காலிப்பரால் ஐந்தாறு சிப்பிலாவது அளந்து, மிகக் குறைந்த அளவிலிருந்தும் கொஞ்சம் கழித்து லேபிள் வெட்டச் சொல்லுங்கள். குழியைவிடத் துளி பெரிதாக இருந்தாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும், அடுக்கும்போது உரசி உரசி அங்கிருந்துதான் உரியத் தொடங்கும். பளபளப்பான மேற்பூச்சு வேண்டாம், விளக்கு வெளிச்சம் பட்டு எண் மறைந்துவிடும், துணி நெய்தது போன்ற சொரசொரப்பு இருந்தால் கைக்கும் நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு மதிப்பிலும் எத்தனை அச்சடிப்பது?

பத்துப் பேர், ஆளுக்கு 10,000 புள்ளியில் தொடங்கும் டோர்னமென்ட் என்று வையுங்கள். ஆளுக்கு 25 எட்டு, 100 எட்டு, 500 நான்கு, 1000 ஏழு. 200, 800, 2000, 7000 கூட்டினால் சரியாக 10,000. ஆளுக்கு 27 சிப், பத்துப் பேருக்கு 270. மேலே 5000 ஒரு முப்பது சேர்த்தால் 300. பின்னால் சின்னச் சிப்புகளைத் திரும்ப எடுத்துப் பெரியதாக மாற்றிக் கொடுக்கவும், தோற்றவர் மறுபடி நுழையவும் அந்த முப்பது வேண்டும்.

ஒவ்வொரு மதிப்பிலும் குறைந்தது ஐந்து சிப் கூடுதலாகப் போடுங்கள். தொலைந்ததை ஒரு வருடம் கழித்து அச்சடித்தால் நிறம் கட்டாயம் ஒத்துப்போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முன் ஒப்புதலுக்கு அனுப்பும் மாதிரிப் படம், வந்துவிட்டது. ஒப்புதல் கொடுப்பதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

திரையில் பார்த்து ஒப்புதல் கொடுக்காதீர்கள். நூறு சதவீத அளவில் காகிதத்தில் அச்செடுத்து, ஸ்கேலை வைத்து 39 மி.மீ. வருகிறதா என்று பாருங்கள், பல பிரின்டர்கள் பக்கத்துக்குப் பொருத்துவதாகச் சொல்லிக் கொஞ்சம் சுருக்கிவிடும். வட்டமாக வெட்டி, ஏற்கெனவே இருக்கும் ஏதாவது சிப்பின் மேல் பசை தடவி ஒட்டுங்கள். நீங்கள் எந்த விளக்கின் கீழ் ஆடுவீர்களோ அதே விளக்கைப் போட்டு, எல்லா மதிப்புகளையும் மேசையில் கலைத்துப் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் உட்காருங்கள். வீட்டில் வேறு யாரையாவது கூப்பிட்டு, ஒன்றும் விளக்காமல், மொத்தம் எவ்வளவு என்று கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் எந்தச் சிப்பில் தயங்கிக் குனிகிறாரோ அதை மறுபடி வரைய வேண்டும்.

அப்புறம் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் ஒரே மதிப்புதான் இருக்கிறதா என்று ப்ரூஃபில் எண்ணி எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் 100, மறுபக்கம் 500 என்று ஃபைல் மாறிப்போவதற்கு ஒரு தப்பான பெயர் போதும். 'இறுதி', 'புதிய இறுதி' என்று பெயர் வைக்காமல் மதிப்பையும் பக்கத்தையும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள்: 100 முன், 100 பின், 100 விளிம்பு.